கடலில் அடிக்கும் வெப்ப அலையையும் பட்டியலில் சேருங்கள்

மாநிலப் பேரிடர் மேலாண்மைக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் சுருண்டு விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் ஆணை வந்தது. நல்ல ஆணை. ஆனால் அது கரையோடு நின்றுவிட்டது. தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும், அங்கிருந்து மூக்கையூர் வரைக்கும் எங்கள் பிழைப்பு கரைக்கு அப்பால் கிடக்கிறது. அங்கேயும் வெப்ப அலை அடிக்கிறது; கடல் நீரே வழக்கத்தைவிடச் சூடேறி நாள்கணக்கில் நிற்கிறது.

பூமி சூடாவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் காற்றின் வெப்பத்தையே சொல்லிப் பழகிவிட்டோம். சூரிய ஒளி பெருமளவு தடையில்லாமல் தரைக்கும் கடலுக்கும் வந்துவிடுகிறது. சூடான தரையும் கடலும் அதை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி அனுப்பும்போது நீராவி, கரியமில வாயு, மீத்தேன் எல்லாம் அதை உறிஞ்சி, ஒரு பகுதியைக் கீழேயே திருப்பி விடுகின்றன. இது அடியோடு இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பம் மைனஸ் 18 டிகிரியில் கிடக்கும். இருப்பதால்தான் 15 டிகிரி. ஆகவே பசுமை இல்ல விளைவு நமக்கு வேண்டியதுதான், அளவு மிஞ்சியதுதான் கேடு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315 ஆகியிருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. (விழிப்புணர்வுப் பேரணிகளில் இதையும் ஓசோன் ஓட்டையையும் ஒன்றாகப் போட்டுப் பதாகை பிடிக்கிறார்கள். அது வேறு, இது வேறு.)

இப்படிச் சேர்ந்த கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொண்டது. காற்றும் நிலமும் பனியும் வாங்கியது மிச்சம். மிச்சத்துக்குப் பேரிடர் ஆணை இருக்கிறது, தொண்ணூறுக்கு இல்லை.

எங்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, பெண்கடல் என்போம். ஆழம் குறைந்தது, சீக்கிரம் சூடேறும். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். தீவுகளைச் சுற்றிப் பவளப் பார், அதாவது பவளத் திட்டு. பவளம் ஓர் உயிரினம். அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் தருகிறது, பெரும்பங்கு உணவும் தருகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரம் நீர் நின்றாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகிறது. 2010-இல் வெளுத்தது, 2016-இல் வெளுத்தது. 2020 மே மாதம் கடல் வெப்ப அலை அடித்தபோது மன்னார் வளைகுடாவின் தமிழகப் பக்கத்தில் 85 விழுக்காடு பவளம் வெளுத்ததாக ஆய்வாளர்கள் நீருக்கடியில் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த மே மாதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். சுற்றுலாப் படகு கிடையாது. பாருக்குக் கேடு செய்பவர்கள் என்று எங்களை நோக்கி நீட்டும் விரல்கள் உண்டு, அதில் ஓரளவு நியாயமும் உண்டு. பவளத்தை வெட்டியெடுத்தே இரண்டு தீவுகளை நீருக்குள் போக விட்ட கடற்கரை இது. ஆனால் 2020-இல் யாரும் கிட்டே போகாத பாரும் வெளுத்தது. எங்கள் கையைக் கட்டிப்போட்டால் மட்டும் தீராத சங்கதி இது.

அடுத்தது நாங்கள் வளர்க்கும் கடற்பாசி. மூங்கில் மிதவையில் கப்பாபைகஸ் பாசி வளர்த்துப் பெண்கள் நாலு காசு பார்த்த கரை இது. 2013-க்குப் பிறகு கோடைச் சூட்டில் மிதவையோடு பாசி கூண்டோடு செத்து, விளைச்சல் படுத்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்த இந்தப் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்த கதை தனி; அதற்காக வழக்காடுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நான் கேட்பது வேறு. வளமாவூரில் 127 கோடிக்கு மேல் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். வளர்க்கச் சொல்லிப் பணம் போடும் அரசு, அதைக் கொல்லும் சூட்டுக்கு ஒரு பெயராவது வைக்க வேண்டாமா?

சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. புயல், வெள்ளம், வறட்சி, சுனாமி என்று மத்திய அரசின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இல்லாததை மாநிலம் தன் பேரிடராக அறிவித்து, பேரிடர் நிதியில் பத்து விழுக்காடு வரை செலவழிக்கலாம். நிலத்து வெப்ப அலையை நீங்கள் சேர்த்ததும் இந்த வழியில்தான். கடல் வெப்ப அலைக்கு அறிவியலாளர்கள் வரையறையும் வைத்திருக்கிறார்கள்: அந்த இடத்தின் பல்லாண்டுப் பதிவில், அந்த நாளுக்குரிய வெப்பங்களில் உச்சப் பத்து விழுக்காட்டுக்குள் வரும் அளவு சூடு ஐந்து நாளாவது தொடர்ந்து நின்றால் அது வெப்ப அலை. ஹைதராபாத்திலிருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் கணக்கை வைத்துப் பவளம் வெளுக்கும் எச்சரிக்கையையே வெளியிடுகிறது. அது கணினியில் கிடக்கிறது, எங்கள் காதுக்கு வருவதில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படிக்காத கிழவருக்கும் என்ன செய்வதென்று தெரியும். கடல் சூட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும், தமிழில், இறங்குதளத்தில்.

எச்சரிக்கை வந்தால் செய்ய வேலை இருக்கிறது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை. சூடு தணிந்தால் பாசி திரும்பிக் குடியேறும். அந்தச் சில வாரங்களுக்குத் தீவோரம் நங்கூரம் போடுவதை, கண்ணாடிப் படகு ஓட்டுவதை, கழிவை விடுவதை நிறுத்திவைக்கலாம். மிதவை வைத்திருப்பவர் அழுகும் முன்னே அறுத்துக் காயப்போடலாம்.

நிவாரணத்தில் முதலில் நான் கேட்பது மிதவை இழந்தவர்களுக்கு மட்டும். மீன்பாடு குறைந்ததற்குக் காசு கொடுங்கள் என்று ஆரம்பித்தால் இழுவலை, கழிவு, எல்லை என்று ஆயிரம் காரணம் வந்து நிற்கும். சூட்டில் வந்து சேர்ந்த மீனும் உண்டு. கேரளக் கரையின் சொத்து என்றிருந்த மத்தி இப்போது நம் பக்கமும் மாட்டுகிறது. மிதவை அப்படியில்லை. எத்தனை போட்டது, எத்தனை செத்தது என்று எண்ணிவிடலாம். அதில் தொடங்கி, மற்றதற்குக் கணக்கு முறை பிறகு வகுக்கலாம்.

இந்தச் சூட்டை நாங்கள் உண்டாக்கவில்லை என்று அழப்போவதில்லை. புகையைக் குறைக்கும் வேலையும் இங்கே நடக்கிறது: 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இலேயே கமுதியில் வந்துவிட்டது, அதுவும் எங்கள் மாவட்டம்தான். ஆனால் இன்றைக்கே உலகம் புகையை நிறுத்தினாலும் வானில் ஏறிய கரியமில வாயுவில் கணிசமான பங்கு நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே நிற்கும். அதுவரை கடல் சூட்டோடுதான் தொழில்.

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்குகிறது. நீர் சூடேறுவதும் அதே நாள்களில்தான். ஆணை அதற்கு முன்னே வரட்டும். எச்சரிக்கைப் பலகை மாட்ட இடம் தேட வேண்டாம். எங்கள் கூட்டுறவுச் சங்கத்துச் சுவரிலேயே மாட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மண்டபம் கரையில் பாசி மிதவை போடும் குடும்பத்திலிருந்து ஒருவர்