ஒரு தவணை முழுதும் கொடுங்கள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கலைக்கல்வியைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கோலமும் பூத்தொடுப்பதும் சொல்லித் தருகிறவள். பள்ளிகளில் தாய்மொழியையும் பண்பாட்டையும் கொண்டாடும் தாய்மொழி இருவாரம் நெருங்கினால் எங்களைப் போன்றவர்களுக்கு அழைப்பு வரும் என்பதும், எவ்வளவு நேரம் தரப்படும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் ஏதாவது ஒரு கைவினையை, அதைச் செய்து பழகியவரிடமிருந்து, ஒரு பள்ளித் தவணை (பருவம்) முழுதும் கற்க வேண்டும். பள்ளி நேரத்திலேயே கற்க வேண்டும்.

இந்த ஆண்டு ஒரு பள்ளியில் தொடக்கநிலை 5 மாணவர்களுக்கு வாரம் ஒரு வகுப்பு என்று தவணை முழுதுக்கும் பேசியிருந்தோம். அப்புறம் கணக்குக்குக் கூடுதல் வகுப்பு வைக்க வேண்டும், அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ என்றார்கள். வகுப்புகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் மண்டபத்தில் ஒரே ஒரு நாள், ஒரு வகுப்புக்கு அரை மணி நேரம் என்று ஆயிற்று. தரை அழுக்காகும், தாளில் செய்த பூ போதும் என்றும் சொன்னார்கள்.

தாள் பூவுக்குக் காம்பு ஏது? பூத்தொடுக்கும் வேலை முழுவதும் காம்பில்தான் இருக்கிறது. இரண்டு மல்லிகையை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நூலை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு மாட்டி இழுக்க வேண்டும். கூட இழுத்தால் காம்பு அறுந்துவிடும். குறைத்து இழுத்தால் சரத்தைத் தூக்கும்போது பூவெல்லாம் நழுவி விழும். அந்த இழுப்பை வாயால் சொல்லித்தர முடியாது. அறுத்து அறுத்துத்தான் விரல் பழகும்.

மனசு கேட்காமல் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து கொஞ்சம் மல்லிகையும் வாங்கிப் போயிருந்தேன். ஒரு பையன் பேசாமல் உட்கார்ந்து பூவை அறுத்துக்கொண்டே இருந்தான். திடீரென்று நாலைந்து முடிச்சு அழகாக விழுந்தது. "ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் பூ" என்று அவன் கையை நீட்டும்போது அடுத்த வகுப்பு வாசலில் வந்து நிற்கிறது. அவன் கட்டிய சாண் நீளச் சரத்தை மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு, காட்சிக்காக நான் கட்டிக்கொண்டுபோன மாலையை அவன் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் கொடுக்கப்பட்டது அந்த அரை மணி நேரம்தான்.

இந்த நாட்டில் கலைக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2008ல் சிங்கப்பூர்க் கலைப் பள்ளி வந்தது. 1938ல் தொடங்கிய நாஃபா, 1984ல் தொடங்கிய லாசால் என்ற இரண்டு கலைக் கல்லூரிகளும் சேர்ந்த கலைப் பல்கலைக்கழகம் 2024ல் வந்தது. எனக்கும் பெருமைதான். ஆனால் அங்கே போய்ச் சேருகிற பிள்ளை, தன் கைக்கு என்ன வரும் என்று பத்து வயதில் எங்கே கண்டுபிடிக்கும்? 2023க்குள் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வை நீக்கினீர்கள். பிள்ளைகள் மூச்சுவிடட்டும் என்று நாங்கள் மகிழ்ந்தோம். நான் போகும் இடங்களில் அந்த நேரத்தையும் பயிற்சித்தாள்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன.

சமூக மன்றங்களில் வகுப்புகள் இருக்கின்றனவே என்பீர்கள். சரி, இருக்கின்றன. கட்டணம் கட்ட வசதியும், சனிக்கிழமை கூட்டிப்போய்க் காத்திருக்க ஆளும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். வார இறுதியிலும் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை வருவதில்லை. கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குச் செலவிட 2025ல் கொடுத்த 100 வெள்ளி எஸ்ஜி கல்ச்சர் பாஸ் கூட 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். கற்கிற வயதில் இருப்பவர்களை விட்டுவிட்டோம். 2024ல் பெண்கள் அணியும் பாரம்பரிய மேல்சட்டையான கெபாயா யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தபோது எல்லாரும் கொண்டாடினோமே, அதில் பூவேலை செய்கிறவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊசி பிடிக்க எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கும்? பட்டியலில் பெயர் இருந்தால் கலை தானாகப் பிழைத்துக்கொள்ளுமா?

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததையே மறுபடியும் கேட்கிறேன். ஒரு கைவினை, ஒரு முழுத் தவணை, பள்ளி நேரத்தில்.

சொல்லித்தர ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் பூக்கடைகள் இருக்கின்றன. ஜூரோங்கில் 1940ல் கட்டிய, மண்பாண்டம் சுடும் டிராகன் சூளை இன்னும் நிற்கிறது, மண்ணில் வேலை செய்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். கலைஞரைப் பள்ளிக்கு அனுப்பத் தேசியக் கலைகள் மன்றத்திடம் திட்டமும் மானியமும் உண்டு. அந்த நேரத்தை வேறு பாடம் எடுத்துக்கொள்ள முடியாதபடி கால அட்டவணையில் உறுதி செய்யத்தான் உங்கள் கை வேண்டும்.

அடுத்த ஆண்டு சில பள்ளிகளிலாவது தொடங்கிப் பாருங்கள். தொடக்கநிலை 3லோ 4லோ வைத்தால் பிஎஸ்எல்இயும் குறுக்கே வராது. தரையை நாங்களே கூட்டிவிட்டுப் போகிறோம். பூ மட்டும் உண்மையான பூவாக இருக்க அனுமதியுங்கள். உங்களில் யாராவது ஒரு நாள் வகுப்புக்கு வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து தொடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதமே. தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிகளில் கைவினை சொல்லித்தரும் ஒரு பயிற்றுநர்