விட்டுவிட்ட வண்டியின் வீடியோக்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ பேசி முடித்ததிலிருந்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். கோபித்துக்கொள்ளாதே. வண்டி வீட்டுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் "தப்புப் பண்ணிட்டேனாம்மா?" என்று கேட்கிறாய். வாங்கிய கூப்பே, அந்த இரண்டு கதவுத் தாழ்கூரை வண்டி, கீழே நிற்க, வாங்காமல் விட்ட திறந்த கூரை வண்டியின் வீடியோக்களைப் படுத்துக்கொண்டே பார்க்கிறாயாம். முப்பது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன். அப்போது வீடியோ கிடையாது, பத்திரிகைதான். நான் வாங்கியது திறந்த வண்டி. ராத்திரி படுத்துக்கொண்டு படம் பார்த்ததெல்லாம் விட்டுவிட்ட ஹேட்ச்பேக்கை, பின்கதவு மேலே தூக்கித் திறக்கும் வண்டியை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பெட்ரோல் குடிக்கும் சாமான்களுக்கும் பொருந்தும்.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்பு நீ ஒரு அட்டவணை அனுப்பினாயே, அதைப் பார்த்தபோதே வாயைத் திறந்திருக்க வேண்டும். குதிரைத்திறன், டார்க் என்கிற திருகு விசை, டிக்கியின் கொள்ளளவு, மைலேஜ், பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை வினாடி என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் போட்டிருந்தாய். மூன்று வண்டிக்கும் அந்தக் கடைசிக் கணக்கில் அரை வினாடி வித்தியாசம்கூட இல்லை. ஒரு தும்மலுக்கே அதைவிட நேரம் பிடிக்கும். அந்த அரை வினாடியை வைத்துக்கொண்டு நீயும் உன் நண்பர்களும் இரண்டு மாதம் சண்டை போட்டீர்கள்.

ஒன்று ஹேட்ச்பேக், ஒன்று திறந்த வண்டி, ஒன்று கூப்பே. அந்த மூன்றும் வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள். சூடான ஹேட்ச்பேக், அதாவது வேகத்துக்காக முறுக்கிவிட்ட குடும்ப வண்டி, என்ற வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது 1976-இல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. ஒரு 5000 வண்டி விற்றால் போதும் என்று ஆரம்பித்தார்கள், லட்சக்கணக்கில் போனது. காரணம் வேகம் மட்டும் இல்லை. பின்சீட்டை மடித்து அலமாரியை ஏற்றிக்கொண்டு போய், வெறும் வண்டியாகத் திரும்பும்போது வளைவுகளில் விளையாடலாம். இப்போது வரும் ஜிடிஐ 1400 கிலோவையும் தாண்டிவிட்டது. பாதுகாப்பு, வசதி, திரை, மோட்டார் வைத்த சீட்டு என்று ஒவ்வொன்றாக ஏறிய எடை அது. மயிலிறகே ஆனாலும் ஏற்றிக்கொண்டே போனால் அச்சு என்ன செய்யும்?

திறந்த வண்டிக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். 1989-இல் மாஸ்டா எம்எக்ஸ்-5 வந்தபோது எடை ஒரு டன்னுக்குள், எஞ்சின் முன்னால், உந்துதல் பின்சக்கரத்துக்கு. குதிரையும் அதன் மேல் இருப்பவரும் ஒன்றாவது என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லைத்தான் அதைச் செய்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விளம்பரப் பேச்சு என்று தள்ளிவிடலாம்தான். ஓட்டிப் பார்த்தவர்கள் அவ்வளவு சுலபமாகத் தள்ளுவதில்லை.

கூப்பேக்களில் எனக்குப் பிடித்த கதை 2012-இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து கொண்டுவந்த ஜிடி86. பிஸ்டன்கள் இரண்டு பக்கமும் படுத்துக்கிடக்கும் பாக்ஸர் எஞ்சின், அதனால் எடை தரைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதற்குப் போட்ட டயர்தான் வேடிக்கை. பெட்ரோலை மிச்சப்படுத்தவே செய்த பிரியஸ் ஹைபிரிட் காரில் வருகிற அதே வகை! மிச்சம் பிடிக்கும் புத்தி என்று பலர் கேலி செய்தார்கள். ஆனால் அது தெரிந்தே செய்தது. டயர் தரையை ரொம்ப இறுகப் பிடித்தால் வண்டியின் குணம் ஆபத்தான வேகத்தில்தான் தெரியவரும். பிடி கொஞ்சம் குறைந்தால் மிதமான வேகத்திலேயே வண்டி பேச ஆரம்பித்துவிடும்.

உன் அட்டவணையில் இல்லாத கட்டம் இதுதான், பாப்பா. நாற்பதில் போகும்போது இந்த வண்டி என்ன தருகிறது? நாம் வாழ்வது நாற்பதில். நூற்றைம்பதில் மட்டும் சிரிக்கும் வண்டியை வாங்கியவர் வருடம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். அப்படி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் சிவப்பு வண்டி உனக்குச் சொர்க்கமாகத்தான் நினைவிருக்கும். கூரையை மடித்ததும் பக்கத்து சீட்டிலிருந்து கையைத் தூக்கிக் காற்றைப் பிடிப்பாய். அந்த வண்டியோடு நான் பட்டது உனக்குத் தெரியாது. நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் சாயங்காலத்தில் வலிக்கும். கூரையை மூடினால் பின்பக்க மூலையில் ஒன்றும் தெரியாது. அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கழுத்தை நீட்டிக் குலதெய்வத்தைக் கூப்பிடுவேன். கூரைத் தண்ணீர் வடிய இரண்டு சின்னக் குழாய் இருக்கும். அதில் இலைச்சருகு அடைத்ததை நான் கவனிக்காமல் விட்டதில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் தேங்கிவிட்டது. கார்ப்பெட்டைத் தூக்கினால் காளான். அன்று முதல் மாதம் ஒருமுறை ஒரு மெல்லிய நைலான் கம்பியை அந்தக் குழாயில் விட்டு எடுப்பது என் வேலையாகிப் போனது. பாட்டியை ஏற்றுவது தனிக் கலை. முதலில் முதுகைக் காட்டி உட்கார வேண்டும், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே சுழற்ற வேண்டும். இறங்கும்போது அப்பா வெளியிலிருந்து இழுப்பார். "கிணத்துல விழுந்தவளைத் தூக்குற மாதிரி இருக்கு" என்பார் பாட்டி. அதற்குப் பிறகு வருவதாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

வண்டியின் அழகு எத்தனை நாள் தாங்கியது என்கிறாய்? நாலு மாதம். நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒருநாள் பார்க்காமல் நடந்துவிட்டேன். வேகமும் அப்படித்தான் பழகிப்போனது. பதினோரு வருடத்தில் ஒருநாளும் சலிக்காத விஷயம் ஒன்றே ஒன்று, கியர் மாற்றுவது. மணிக்கட்டை அசைத்தால் போதும், 'டக்' என்று உட்காரும். காய்கறி வாங்கப் போகிற ஐந்து நிமிடத்திலும் அது கிடைத்தது. டெஸ்ட் டிரைவ் போனபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அன்று நான் பார்த்ததெல்லாம் எஞ்சின் சத்தம்.

முதல் இரண்டு வருடம் உன் வியாதி எனக்கும் இருந்தது என்று சொன்னேன் அல்லவா, அது தீர்ந்த கதையையும் சொல்கிறேன். நான் விட்டுவிட்ட அதே மாதிரி ஹேட்ச்பேக்கை அலுவலகத் தோழி ஒருத்தி வைத்திருந்தாள். ஒரு சனி, ஞாயிறுக்கு வண்டிகளை மாற்றிக்கொண்டோம். அவள் வண்டி நல்ல வண்டி, பொய் சொல்ல மாட்டேன். குளிர் காற்று சரியாக வரும், நாலு பேர் உட்காரலாம், மேட்டில் கியரைக் குறைக்காமலே ஏறும். ஞாயிறு சாயங்காலம் சாவியைத் திருப்பித் தரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் கூரையில்லாமல் சுற்றிய முகம். புதன்கிழமை வந்து, "மாத்திக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் எத்தனை வருடமாக என் வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ! நான் மாட்டேன் என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் என் வண்டி எனக்குச் சொந்தமானது. கடனை முடிப்பதற்கு ஒரு வருடம் முன்பே என்று வைத்துக்கொள்.

நீயும் முடிந்தால் அந்தத் திறந்த வண்டியை ஒரு நாள் முழுக்க எடுத்து ஓட்டு. வீடியோவில் யாரும் நெரிசலில் நிற்பதில்லை, டிக்கியில் பெட்டி நுழையாமல் வியர்ப்பதில்லை.

உன் குறைகளுக்கு வருகிறேன். டயர் சத்தம், குண்டும் குழியும் முதுகில் ஏறுவது, இரண்டும் உண்மைதான். டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்: 225/40 ஆர்18. அகலம் 225 மில்லிமீட்டர், அதில் 40 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 90 மில்லிமீட்டர் ரப்பர்தான் உனக்கும் பள்ளத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஓர் அங்குலம் சின்னச் சக்கரத்துக்கான 225/45 ஆர்17 போட்டால் அது 101 ஆகும். சக்கரமும் டயரும் சேர்ந்த மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ஸ்பீடோமீட்டரும் குழம்பாது. பிரேக்கை இடிக்காமல் 17 அங்குலச் சக்கரம் பொருந்துமா, இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டுவிட்டுச் செய். அதுவும் இப்போது வேண்டாம். இந்த டயர் தேயட்டும். அதுவரை காற்றழுத்தத்தை ஓட்டுவதற்கு முன், டயர் சூடாவதற்குள் பார். பெட்ரோல் பங்குவரை ஓட்டிப்போய்ப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

மற்ற மாற்றங்கள் எதையும் முதல் வருடம் செய்யாதே. பெரிய சைலென்சர் மாட்டலாம் என்றாயே, அதன் சத்தம் பத்து நிமிடம் கேட்க நன்றாக இருக்கும். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஒரே சுருதியில் மண்டைக்குள் ரீங்காரம் போட்டால் அழுவாய். வாங்கிய வண்டியை வாங்காத வண்டியாக மாற்றத்தான் பாதிப் பேர் காசைக் கொட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எஞ்சினைப் பற்றி ஒன்று. தண்ணீர் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் தயார் என்று நினைத்து மிதிக்காதே. ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். இன்னொரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள். ஆயில் குச்சியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உன் கையாலேயே இழுத்துப் பார். பிரேக் திரவத்தை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், தள்ளிப் போடாதே. அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155-க்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் தொடர்ந்து மிதித்து அது கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

அப்புறம் மழை. இதை மட்டும் அம்மா சொன்னாள் என்றே வைத்துக்கொள். பின்சக்கரம் உந்தும் வண்டியில், ஈரமான வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கக் கூடாது. எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும், வால் சுழன்றுவிடும். ஆனைக்கும் அடி சறுக்கும், எனக்குச் சறுக்கியது ஒரு ரவுண்டானாவில். முழுச் சுற்று சுற்றி, வந்த பக்கம் பார்த்து நின்றேன். எதிரே ஒரு லாரி, நல்ல தூரத்தில். டிரைவர் நிறுத்தி, ஒன்றும் சொல்லாமல் எனக்காகக் காத்திருந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். நீ அப்போது நாலு வயது, வண்டியில் இல்லை. உன் அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. சறுக்கலைப் பிடித்து நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு என் வண்டியில் கிடையாது, உன்னுடையதில் இருக்கிறது. அதை அணைக்கும் பொத்தானைப் பொதுச்சாலையில் தொடாதே. ஆசையாக இருந்தால் பணம் கட்டி ஒரு பந்தயத் தடத்தில், பக்கத்தில் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு தொடு. நானும் வருகிறேன்.

பின்சீட்டில் ஆள் உட்கார முடியவில்லை என்ற குறைக்கு என்னிடம் மருந்து இல்லை. அதைத் தெரிந்துதான் வாங்கினாய். பை வைக்க நல்ல இடம்.

அடுத்த மாதம் வருகிறேன். வண்டியைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும். ஸ்டேஷனிலிருந்து வீடுவரை நான்தான் ஓட்டுவேன், பேச்சு மாறக்கூடாது. சிவப்பு வண்டியை விற்ற அன்று அதன் கியர் குமிழைக் கழற்றி வைத்துக்கொண்டேன். வாங்கியவருக்கு வேறு ஒன்று வாங்கி மாட்டிக் கொடுத்தேன். மேலே போட்டிருந்த எண்கள் தேய்ந்துபோய் இரண்டு மட்டும்தான் தெரிகிறது. அதை எடுத்து வருகிறேன். உன் வண்டியில் பொருந்தாது, திருகு மரையின் அளவு வேறு. மேசை மேல் வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா