பிசிஜி ஊசி வீண் என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காசநோய்க்கான புதிய தடுப்பூசிகள் பற்றிப் போன வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் பிறந்த குழந்தைக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியைப் பற்றி 'பயனற்றுப்போன பிசிஜி' என்று போட்ட தலைப்பு எனக்குப் பெரிய கவலையைக் கொடுத்துவிட்டது.

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். மாதமாக இருக்கும் பெண் ஒருத்தி அந்தப் பக்கத்தை மடித்து எடுத்து வந்து, "பொறக்கப்போற புள்ளைக்கு இந்த ஊசி வேணாம்னு சொல்லிடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். அவளுடைய மாமனார் போன வருஷம்தான் டிபிக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்தார். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் இரண்டே அறை. ஆனி, ஆடி மழையில் ஜன்னலைத் திறக்கவே முடியாது. இருமுகிறவரும் கைக்குழந்தையும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும்.

பிறந்ததும் போடும் பிசிஜி, காசநோய்க் கிருமி குழந்தையின் மூளை உறையைத் தாக்காமலும் உடல் முழுக்கப் பரவாமலும் பெருமளவு காக்கிறது. காசநோயில் சின்னக் குழந்தைகளின் உயிருக்கு மிக ஆபத்தானவை இந்த இரண்டும்தான். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பது உண்மை. 1968-ல் நம் செங்கல்பட்டில் தொடங்கி, 2 லட்சத்துக்கும் அதிகமானோரிடம் நடந்த ஆய்விலேயே அது தெரிந்துவிட்டது. உங்கள் கட்டுரை இந்தப் பாதியை மட்டும் சொல்லிவிட்டது.

இன்னொன்று, நீங்கள் குறிப்பிட்ட விபிஎம்1002 என்ற புதிய தடுப்பூசி வேறு எதுவும் இல்லை, மரபணுவைத் திருத்திய பிசிஜிதான். சாதாரண பிசிஜி கிருமியை நம் உடலின் உயிரணு விழுங்கி ஒரு பைக்குள் அடைத்துவிடும். அது உள்ளேயே கிடந்தால் நோயை எதிர்க்கும் மற்ற காவல் உயிரணுக்களுக்கு அதன் அடையாளம் சரியாகப் போய்ச் சேராது. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் அதில் ஒரு மரபணுவை நீக்கி, பையில் ஓட்டை போடும் புரதத்துக்கான மரபணுவை வேறொரு கிருமியிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். இந்தியாவில் அதைச் சோதித்தது யாரிடம் தெரியுமா? நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களிடம். எங்கள் லைன் வீட்டு ஜனங்களைப் போன்றவர்கள். எம்72 என்ற இன்னொரு ஊசி, கிருமி ஏற்கெனவே உடலில் தங்கியிருந்த பெரியவர்களுக்கு நோய் வருவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. 2024-ல் அதன் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது. இவை வரட்டும், சீக்கிரம் வரட்டும். அதுவரை பிள்ளைக்கு இருக்கிற ஊசியை விட்டுவிடக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு ஐப்பசியில் பிரசவம். அதற்குள் ஒரு விளக்கம் போடுங்கள். அந்தப் பக்கத்தை நானே மடித்துக் கொண்டுபோய் அவளிடம் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.