பார்கோடு எத்தனை வேண்டும் என்பதையும் பயிற்சியில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொடி, தொக்கு, ஊறுகாய் போட்டு விற்கும் பெண்களுக்கு நடத்தும் பயிற்சிகளில் உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுப்பது, லேபிளில் என்னென்ன அச்சிட வேண்டும் என்பதெல்லாம் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். பார்கோடு பற்றி மட்டும் பேச்சே இல்லை. சூப்பர் மார்க்கெட்காரர் "பார்கோடு இல்லாமல் பில் போட முடியாதும்மா" என்று சரக்கைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் யாரையாவது தேடி ஓடுகிறார்கள். மாதம் ஆயிரம் பாக்கெட் போடுகிறோம், அப்போ ஆயிரம் பார்கோடு நம்பர் வேண்டும் என்று நினைத்துப் பணம் கட்டக் கிளம்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே பொருள், ஒரே எடை என்றால் லட்சம் பாக்கெட்டுக்கும் ஒரே நம்பர்தான். பேட்ச் எண்ணோ தேதியோ மாறினால் நம்பர் மாறாது, எடை மாறினால் மாறும். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி மூன்றையும் 50, 100, 200 கிராமில் போட்டால் 9 நம்பர். பூண்டு சேர்க்காத இட்லிப் பொடியும் அதே மூன்று எடையில் உண்டென்றால் 12. தீபாவளிக்கு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே விலைக்குக் கொடுத்தால் அந்தப் பெட்டிக்குத் தனியாக ஒன்று, ஆக 13. கடைக்கு அனுப்பும் அட்டைப்பெட்டிக்குப் புது நம்பர் வாங்க வேண்டியதில்லை, உள்ளே இருக்கும் பாக்கெட்டின் 13 இலக்க நம்பருக்கு முன்னால் ஓர் இலக்கம் சேர்த்து, நம்பர் சரிதானா என்று பார்க்கக் கடைசியில் வரும் சோதனை இலக்கத்தை மட்டும் மறுபடி கணக்கிட்டு 14 இலக்கமாக்கிக்கொள்ளலாம். நிறுத்திவிட்ட பொருளின் நம்பரை வேறொன்றுக்குப் போடக்கூடாது, அதனால் அடுத்த இரண்டு வருடத்தில் போட நினைக்கும் வகைகளையும் சேர்த்தே எண்ணிக்கொள்வது நல்லது.

அப்புறம், குறைந்த விலைக்கு ஒன்றிரண்டு நம்பர் தருகிறேன் என்பவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும். பார்கோடு நம்பர்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் இணையதளத்தில் அந்த நம்பரைத் தட்டிப் பார்த்தால் அது யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேறு நிறுவனத்தின் பெயர் வந்தால், இந்தியாவுக்குரிய 890 என்று ஆரம்பித்தாலும் அது உங்களுடையது இல்லை.

மாவட்டத் தொழில் மையமும் மகளிர் திட்டமும் நடத்தும் பயிற்சிகளில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். வந்திருப்பவர்கள் தங்கள் சரக்கை வகை வகையாக, எடை எடையாக ஒரு தாளில் எழுதி அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். அடுத்த பயிற்சியிலேயே இதைச் சேர்க்க அதிகாரிகள் முன்வர வேண்டும்.

– ஒரு வாசகி, ஈரோடு