ஊர் மாறிப் போகும் ஐயரம்மாவுக்கு

அன்புள்ள ஐயரம்மா,

நம் சபைப் போதகர் ஐயருக்கு டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். நீங்கள் குடியிருக்கும் குருமனையைக் காலி செய்வதற்கு முன்னால் கோயில் விருந்தான அசனம் வந்துவிடும். இந்தத் தடவை தம்பியையும் கூட்டிக்கொண்டு முதல் பந்திக்கே வருவதென்று முடிவு செய்துவிட்டோம். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். நேரில் வந்தால் நீங்கள் காபி போடுவீர்கள், நான் சொல்லவந்ததில் பாதியை விழுங்கிவிடுவேன்.

சபையாரும் இதை வாசிப்பார்கள். தம்பி ஏற்கெனவே வாசித்துவிட்டான். ஓரிடத்தை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். தம்பியின் மாத்திரையை நிறுத்தச் சொன்ன ஊழியக்காரர் யார் என்று நான் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களும் கீழே வந்து எழுத வேண்டாம்.

தம்பிக்கு மனச்சிதைவு நோய் வந்தபின் நடந்த முதல் அசனம் எனக்கு மறக்கவில்லை. இலை போட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு பக்கமும் இலை இருந்தது, ஆள் இல்லை. வருகிறவர்கள் பார்ப்பார்கள், அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டு தனக்குள் பேசிக்கொண்டிருந்தான். குழம்பு வாளியோடு வந்த நீங்கள் அதை ஒரு பையன் கையில் கொடுத்துவிட்டு, இடுப்பில் செருகிய முந்தானையைக்கூட எடுக்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். எப்படி இருக்கிறாய், மாத்திரை சாப்பிட்டாயா என்று எதுவும் விசாரிக்கவில்லை. "கத்தரிக்காயை ஒதுக்கி வச்சிருக்கியே, வேண்டாம்னா எனக்குப் போடு" என்றீர்கள். பிசைந்த கையாலேயே எடுத்து உங்கள் இலையில் வைத்தான். நீங்கள் சாப்பிட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்தார். அம்மா இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்கிறாள்.

உபவாச ஜெபத்தில், குணமாகிவிட்டது என்று சாட்சி சொல்லு என்று அவன் கையில் மைக்கைக் கொடுத்ததும் நீங்கள்தான், ஐயரம்மா.

மாத்திரையை நிறுத்தச் சொன்னது நீங்கள் இல்லை. ஆனால் "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு" என்று அந்த ஊழியக்காரர் கேட்டபோது நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். நிறுத்தின புதிதில் தம்பி தெளிவாகத்தான் இருந்தான். மாத்திரையால் வந்த தூக்கமும் கை கால் விறைப்பும் விலகின, முகம் பளிச்சென்று ஆனது. எல்லாரும் அற்புதம் என்றார்கள். மனச்சிதைவு நோய் பெரும்பாலும் மருந்தை நிறுத்திய கையோடு திரும்புவதில்லை. வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில்தான் சாட்சி சொல்ல வைக்கிறார்கள். நோய் திரும்பும்போது ஊழியக்காரர் வேறு ஊர்க் கன்வென்ஷனில் இருப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு அவனைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மாவும் நானும். அதற்கும் எங்கள் விசுவாசக் குறைவைத்தான் காரணம் சொன்னார்கள்.

அதற்கப்புறம், அந்த ஊழியக்காரர் தம்பியைத் தன் ஜெபவீட்டில் கொண்டுவந்து விடச் சொன்னார். அம்மா சம்மதித்திருப்பாள். நான்தான் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தைச் சொல்லி மறித்தேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். அது தர்கா ஊர் என்று நம் ஆட்கள் தள்ளிவைத்துப் பேசுவார்கள். சங்கிலி நம் ஜெபவீடுகளிலும் இருந்திருக்கிறது. 2017-ல் வந்த மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த இடத்திலும் அனுமதிக்கவில்லை.

நீங்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டைத் திறக்காமலே பேசி அனுப்பினேன். வயதுக்காவது மரியாதை கொடுத்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் உள்ளே அவன் தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது, உடம்பில் சட்டை இல்லை. நீங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆட்களையும் கூட்டி வந்திருந்தீர்கள். தனியாக வந்திருந்தால் திறந்திருப்பேன்.

"ரெண்டாவது ஆராதனைக்குக் கூட்டிட்டு வாங்களேன், கூட்டம் குறைவா இருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். அதோடு அம்மா எந்த ஆராதனைக்கும் வரவில்லை. பைபாஸ் செய்தவர், டயாலிசிஸ் போகிறவர் என்று பேர் சொல்லி ஜெபிக்கிற சபையில் நாங்கள் மட்டும் "ஒரு குடும்பத்தின் விசேஷ விண்ணப்பம்" ஆனோம். பேரைச் சொல்லட்டுமா என்று எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லுங்கள் என்றிருப்போம்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்துக்குப் போனோம். கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் 1957-ல் தொடங்கியது. அங்கே நோயாளியோடு வீட்டாரும் தங்க வேண்டும். ஒரு டாக்டர் அம்மாவைப் பார்த்து, "நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டார். அம்மாவுக்குப் பதில் வரவில்லை. அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. அதுவும் கிறிஸ்தவர்கள் கட்டிய இடம்தானே. அங்கே தெரிந்தது நம் கோயிலில் ஏன் தெரியவில்லை?

ஒப்படைப்பு நாளில் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு எல்லாம் கொடுப்பீர்கள். எங்கள் வீட்டையும் புது ஐயரம்மாவிடம் வாய்ச்சொல்லாக ஒப்படையுங்கள். மாதாமாதம் ஊசி போடுகிறான், அதை நிறுத்து என்று யாரும் சொல்லக்கூடாது. பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போனால் போகட்டும், பின்னால் ஆள் அனுப்ப வேண்டாம். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வந்தால், குடல்வால் ஆபரேஷன் வீட்டுக்குப் போவதுபோல சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். ஜெபம் பண்ணுங்கள், கட்டாயம் பண்ணுங்கள், அவனிடம் கேட்டுவிட்டு. அறிவிப்புப் பலகையில் 14416 என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். 2022-ல் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அன்றைக்கு எங்களுக்கு யாரைக் கூப்பிடுவதென்றே தெரியவில்லை.

ஸ்கூல் படிக்கும்போதிருந்து சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு நம்பர் பலகையை மாற்றிவைத்தது தம்பிதான். அவனுக்குச் சிரமம் வேண்டாம் என்று வேறு பையனிடம் கொடுத்துவிட்டீர்கள். அவனுக்கு அது சிரமமாக இருந்ததே இல்லை. அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தப் பையனும் கூட இருக்கட்டும், ஏணியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய சண்டே ஸ்கூல் பிள்ளை