சவானாவிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. பேத்தி ராத்திரி முழுக்கத் தூங்க விடுவதில்லை, பகலில் அவள் கண்ணசரும்போது நானும் அசந்துவிடுகிறேன். மகள் நன்றாகத் தேறிவிட்டாள். உன் முழங்கால் வலி குறைந்ததா?

அண்ணனும் தம்பியும் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதாக எழுதியிருந்தாய், படிக்கவே சந்தோஷமாக இருந்தது. அதற்குக் கீழேயே, சொத்தில் உன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட உன்னை வரச் சொல்கிறார்கள் என்று ஒரு வரி. அந்த வரி மனதை விட்டுப் போகவே இல்லை. கடைசியில் அதற்கு வருகிறேன்.

போன வாரம் மாப்பிள்ளை இங்கே ஒரு பழைய வீட்டைக் காட்டக் கூட்டிப் போனார். பூவேலை செய்த இரும்புக் கிராதி போட்ட தாழ்வாரம், பெரிய வீடு. அடிமை முறையை வைத்து அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில் வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் தங்கியிருந்த இடம். 1865 ஜனவரி 12 ராத்திரி, இங்கேதான் இருபது கறுப்பினப் பாதிரிமார்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உங்கள் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர், 67 வயது. ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் விலைக்கு வாங்கி மீட்டவர். யோசித்துப் பார், தன்னையே விலைக்கு வாங்கிய மனுஷர்! அவர் சொன்ன பதில் ரொம்ப எளிமையானது: எங்களுக்கு நிலம் வேண்டும், எங்கள் உழைப்பில் அதை உழுது பிழைத்துக்கொள்வோம், பிறகு அதை விலை கொடுத்தே வாங்கிக்கொள்வோம்.

நாலே நாளில் ஷெர்மன் உத்தரவு போட்டுவிட்டார். சார்ல்ஸ்டனிலிருந்து ஃபுளோரிடா வரைக்கும் கடலோர நிலத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சில மாதத்துக்குள் 40,000 பேர் குடியேறிப் பயிர் வைத்துவிட்டார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து ஜனாதிபதியாக வந்த ஆண்ட்ரூ ஜான்சன் தெற்கத்திப் பண்ணையார்களுக்கு வரிசையாக மன்னிப்பு வழங்கினார், மன்னிப்போடு நிலமும் அவர்களுக்கே திரும்பிப் போனது. நாட்டை ஒட்டவைக்கத்தான் என்றார்கள்.

குடியேறியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க அக்டோபரில் அந்தக் கடலோரத்தில் இருக்கும் எடிஸ்டோ தீவுக்கு அனுப்பப்பட்டவர் ஜெனரல் ஹாவர்டு. நல்ல மனிதர், போரில் வலது கையை இழந்தவர். தேவாலயத்தில் கூடியிருந்தவர்களிடம் பழைய எஜமானர்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு அந்தத் தீவுக்காரர்கள் எழுதிய பதில் கடிதத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லைடி. நீங்கள் போரில் கையைத்தான் இழந்தீர்கள், உங்களால் மன்னிக்க முடியலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் அம்மாவையும் தங்கையையும் துணியை உரித்து அடித்தவனை, அவன் சொன்ன கூலிக்கு அவன் நிலத்தில் நட்டால்தான் காலிக் குடிசையிலாவது இருக்க விடுவேன் என்கிறவனை என்னால் மன்னிக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் பழிவாங்கக் கேட்கவில்லை, நிலம்தான் கேட்டார்கள். சொந்த நிலம் இருந்தால் அவன் வாசலுக்கே போகவேண்டியதில்லையே. கடைசியில் கூலி ஒப்பந்தம் போட மறுத்தவர்களை ராணுவத்தை வைத்தே வெளியேற்றினார்கள்.

நஷ்டஈடே யாருக்கும் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1862-இல் வாஷிங்டன் நகரத்தில் அடிமைகளை விடுவித்தபோது தலைக்கு 300 டாலர் வரை அரசு கொடுத்தது, ஆனால் எஜமானர்களுக்கு!

அப்புறம் நல்ல காலமும் கொஞ்சம் வந்தது. குடியுரிமை, ஆண்களுக்கு ஓட்டு, பள்ளிக்கூடங்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் பியூஃபர்ட்டில் அடிமையாகப் பிறந்த ராபர்ட் ஸ்மால்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார், பழைய எஜமானரின் வீட்டையே வாங்கினார். 1877-இல் வடக்கு தன் படைகளை ஒதுக்கிக்கொண்டதும் அந்த உரிமைகளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிபோயின. 1913-இல், அந்த உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை ஒன்று நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஐம்பதாம் ஆண்டு விழா. இரண்டு தரப்புக் கிழவர்களும் அன்று சண்டையிட்ட அதே கற்சுவருக்கு மேலாகக் கைகுலுக்கினார்கள். அந்தப் போட்டோவைப் பார்த்தால் கண் கலங்கும், எனக்கும் கலங்கியது. ஆனால் அதே வருஷம்தான் வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியாகப் பிரித்து உட்காரவைத்தார்கள். ஆறு லட்சம் பேருக்கு மேல் செத்த போர். சண்டை போட்ட இரண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள், யாரை வைத்துச் சண்டை வந்ததோ அந்த நாற்பது லட்சம் பேரிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

உன் வீட்டு விஷயமும் இதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் பாவம். ஆனாலும் அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும்போது உன் ஞாபகம்தான். அப்பாவைக் கடைசி நாலு வருஷம் பார்த்துக்கொண்டவள் நீ. அண்ணன் தம்பி சேர்ந்தது நல்லது, சேர்ந்தே இருக்கட்டும். ஆனால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடாதே. பத்திரத்தின் நகலை முதலில் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு, எந்தச் சர்வே நம்பர், உன் பங்கு எவ்வளவு என்று பார்ப்போம். மாப்பிள்ளையின் அக்கா மதுரையில் வக்கீல், அவளிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமை உனக்குப் போன் செய்வாள், எடு.

அன்புடன்,
சரோஜா