கருப்பாக இருப்பதெல்லாம் ஒரே ரப்பர் இல்லை

சேலம் மாவட்டத் தொழிற்கூடங்களின் பர்ச்சேஸ், மெயின்டனன்ஸ் பிரிவினருக்கு வணக்கம்.

கசிவை அடைக்கும் ரப்பர் வளையத்துக்கு "ஓ-ரிங், கருப்பு, 50 மி.மீ., 20 எண்ணம்" என்று மட்டும் இண்டெண்ட் (கொள்முதல் கோரிக்கை) எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நைட்ரைலும் கருப்பு, இ.பி.டி.எம்.மும் கருப்பு, வைட்டானும் கருப்பில் வரும்; மூன்றும் வேறு வேறு ரப்பர். கடையில் கைக்குக் கிடைத்ததைத் தருவார்கள். தப்பு என்பது மெஷின் ஓடி, லீக் ஆன பிறகுதான் தெரியும்.

ஹைட்ராலிக் ஆயில், டீசல், கிரீஸ் படும் இடத்துக்கு நைட்ரைல். சுமார் 100 டிகிரி வரை தாங்கும். ஆயில் அதற்கு மேலும் சூடானால் வைட்டான், 200 டிகிரி வரை. விலை கூடியது என்பதற்காக அதையே எங்கும் போட்டுவிடாதீர்கள். நீராவிக்கும் சூடான காஸ்டிக் சோடாவுக்கும் சாதாரண வைட்டான் ஆகாது, அங்கே இ.பி.டி.எம்.தான். ஆனால் மாட்டும்போது வழுக்கட்டும் என்று அதில் சாதாரண கிரீஸ் தடவினால் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், இல்லையென்றால் சோப்புத் தண்ணீரே போதும்.

பால் பதனிடும் இடங்களில் இன்னும் கவனம் வேண்டும். லைன் கழுவும் காஸ்டிக்குக்கு இ.பி.டி.எம். நல்லது. க்ரீம் ஓடும் லைனில் கொழுப்பு அதையே ஊத வைக்கும், அங்கே உணவுத்தர நைட்ரைல் கேளுங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் ப்ளீச் கரைசல் போகும் லைனுக்கு நைட்ரைல் வேண்டாம், இ.பி.டி.எம். போடுங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் வெயிலில் கிடக்கும் தண்ணீர் பைப் ஜாயிண்டுகளுக்கும் அதுவே.

கழற்றிய ரிங்கை வீசாதீர்கள். ஒரு பக்கம் தட்டையாகி இறுகியிருந்தால் சூடு அதிகம். பருத்து மெத்தென்று, குரூவில் (ரிங் உட்காரும் பள்ளத்தில்) திரும்ப உட்காராமல் இருந்தால் ஓடும் திரவத்துக்கு ரப்பர் பொருந்தவில்லை. விளிம்பு கடிபட்டிருந்தால் அழுத்தத்தில் இடைவெளிக்குள் பிதுங்கியிருக்கிறது, 70 ஷோர் கடினத்தன்மையை விட்டு 90-க்குப் போங்கள். வளைத்தால் மேலே நுண்ணிய வெடிப்பு தெரிகிறதா? ஸ்டோரில் ஆணியில் தொங்கவிட்ட நைட்ரைல் ரிங்குக்கு அப்படித்தான் ஆகும். இழுபட்டு நிற்கும் இடத்தை ஓசோன் பிளக்கும். கவரில் போட்டு, மோட்டாருக்கும் வெல்டிங் செட்டுக்கும் தள்ளி வையுங்கள்.

எது எந்த ரப்பர் என்று சந்தேகமா? ஒரு துண்டு வெட்டி ஒரு நாள் டீசலில் ஊறப்போடுங்கள். இ.பி.டி.எம். கண்ணுக்குத் தெரிய ஊதும், நைட்ரைல் அவ்வளவு ஊதாது. வைட்டான் கையில் எடுத்தாலே கனக்கும், அதே அளவு நைட்ரைலைப்போல் ஒன்றரை மடங்கு எடை.

இனி இண்டெண்டில் என்ன திரவம், அதிகபட்சச் சூடு, அழுத்தம், அசையும் இடமா அசையாத இடமா என்று எழுதுங்கள். பழைய ரிங்கை அளந்து அளவு போடாதீர்கள், அது ஊதியோ நசுங்கியோ இருக்கும். குரூவின் அகலத்தையும் ஆழத்தையும் வெர்னியரில் அளந்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ரப்பர் மோல்டிங் பட்டறைக்காரர்கள்,
சேலம்